கார்சா குடும்பத்து லட்சுமியம்மாள்

தேர்முட்டிக்குப் பின்சந்து,
கோயமுத்தூர்.
பிரஜோற்பத்தி வருடம், ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

என் வீட்டுக்காரரின் பெயரைச் சுமந்துகொண்டு டெக்சாஸ் சீமையில் குடித்தனம் நடத்துகிற சிரஞ்சீவிப் பேரனுக்கு, அவ்வா லட்சுமியம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது என்னவென்றால், இவ்விடம் நான், உன் தாத்தா, உன் அப்பா, போன மாதம் வாங்கின கிரைண்டர் எல்லோரும் சௌக்கியம். அவ்விடம் நீயும் மாசமாக இருக்கிற பிரத்யுஷாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் படித்ததும் ஆனைமலைக்குப் போய் மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். அநியாயம் செய்தவர்களை அம்மன் கேட்கட்டும் என்றுதானே அங்கே மிளகாய் அரைப்பது. பிறகு, பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் எரிச்சல் ஆகாது என்று நினைத்து, நெய்விளக்கோடு நிறுத்திக்கொண்டேன். அது உனக்காக இல்லை, பிரத்யுஷாவுக்காக.

நமக்குப் பேச்சு தெலுங்கு, எழுத்து தமிழ். அதிலும் என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினது என் பெரியப்பா வேங்கடசாமி. அதை அவர் காரியத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தபோதும் நான் மறக்கவில்லை. ஆகையால் இதில் பிழை இருந்தால் மேலே போய் அவரைக் கேட்டுக்கொள். பிரத்யுஷா விஜயவாடாக்காரி, தமிழ் படிக்கத் தெரியாதவள், நீதான் படித்துச் சொல்வாய் என்று தெரியும். நடுவில் "இதைப் படிக்காதே" என்று நான் எழுதுகிற இடத்தில் இருமிவிட்டு அடுத்த வரிக்குப் போ. கவரின் மேல் உன் பெயரைப் பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி மகன் நசுருதீன் எழுதுவான். அவன் எழுதும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். தாத்தாவின் பெயரை உனக்கு வைத்தார்கள். அன்றைக்கே, "எனக்குக் கூப்பிட ஒரு பேர் வைக்காமல் விட்டுவிட்டீர்களே" என்று உன் அப்பாவிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே தொட்டிலை ஆட்டப் போய்விட்டான். அதையும் மறக்கவில்லை. அந்தப் பெயரில் பாதி கலந்திருக்கிறது என்று நாம் குடியிருக்கிற வீதியையே தேர்முட்டி வீதி என்று சொல்கிறவள் நான். பொள்ளாச்சி ரோட்டில் இன்னொரு ஊருக்குப் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் "குறிச்சிக்குப் பக்கத்து ஸ்டாப்புங்க" என்றுதான் சீட்டு வாங்குகிறேன். கணவன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று என் மாமியார் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் சொன்னதில் நான் கேட்டது அது ஒன்றுதான்.

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். டெக்சாஸ் ஜனத்தொகைக் கணக்கு பேப்பரில் வந்துவிட்டது, ஸ்பானிஷ்காரர்கள் ஏகமாகப் பெருகி நாலு பேருக்கு ஒருவர் ஆகிவிட்டார்கள், "நல்லவேளை அவ்வா, உங்களை எடுக்கச் சொன்னேன், இல்லாவிட்டால் அதில் நீங்களும் ஒருத்தி" என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வரைந்திருக்கிறாய். அதற்கு அடுத்த வரியிலேயே, பிரத்யுஷாவின் அம்மாவுக்கு முட்டிவலி, விமானத்தில் உட்கார முடியாதாம், பிரசவத்துக்கு நீங்கள்தான் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதற்கும் அடுத்த வரியில், "இந்தத் தடவை யார் தட்டினாலும் கதவைத் திறக்காதீர்கள்" என்றும் எழுதியிருக்கிறாய். இந்த மூன்றையும் ஒரே பேனாவில் எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? இதைப் படிக்காதே: உன் கல்யாணத்தின்போது அந்தச் சம்பந்தியம்மாள் இதே முட்டியை வைத்துக்கொண்டு ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடை விடாமல் ஏறி இறங்கினாள், பின்னாலேயே நடந்த எனக்குத்தான் கால் வீங்கியது. இனிமேல் படிக்கலாம்.

போன வருடம் நடந்ததை நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாய். என் பக்கத்து நியாயத்தை நீ கேட்டதே இல்லை. இப்போது கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் என்று எழுதுகிறேன், கவனித்தாயா? தாத்தா பெயர் வைத்த பிள்ளையை "டா" போட்டுத் திட்டக் கூடாது என்று உன்னைச் சின்ன வயதிலிருந்தே "ங்க" போட்டுத்தான் திட்டி வளர்த்தேன். அந்த மரியாதை தலைக்கேறிவிட்டது.

பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவிக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு உண்டு என்பது உனக்குத் தெரியும். அவளும் தன் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டாள். நம் வீட்டு வாசலில் போஸ்ட்மேனோ ரேஷன் கார்டு சரிபார்க்கிறவனோ வந்து நின்று பெயர் கேட்டால், நான் சுவரைப் பார்த்து ஒரு கனைப்புக் கனைப்பேன், அந்தப் பக்கமிருந்து அவள் உன் தாத்தா பெயரை முழுசாகச் சொல்லுவாள். அவள் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் இங்கிருந்து "யாகூப்!" என்று குரல் கொடுப்பேன். நான் மருமகளாக வந்த வருடத்திலிருந்து இப்படித்தான் நடக்கிறது. நடுவில் தண்ணீர்க் குழாய் விஷயமாக அவளும் நானும் முகம் பார்க்காமல் இருந்த காலத்திலும் இது மட்டும் நின்றதில்லை. முகத்தை வெட்டிக்கொண்டே பெயரைச் சொல்லிவிட்டுப் போவாள். பக்கத்து வீடு என்றால் அதற்குத்தான்.

அங்கே உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நீங்கள் இருவரும் காலையில் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். நான் ஜன்னலில் நிற்பேன். பக்கத்து வீட்டு ஒர்த்தென்சியா அவள் ஜன்னலில் நிற்பாள். ஒரு நாள் அவள் வீட்டிலிருந்து கல்லில் கொத்தமல்லி நசுங்குகிற வாசம் வந்தது. செருப்புக்கூடப் போடாமல் போய்விட்டேன். மூன்று கால் வைத்த கருங்கல் உரலில் பச்சை மிளகாயும் மல்லித்தழையும் வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன். அவள் குழவியைக் கொடுத்தாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் என்ன பேச்சு வேண்டியிருக்கிறது? அவளை நான் ஒர்த்தம்மா என்பேன், அவள் என்னைக் கொமாத்ரே என்பாள். அப்படியென்றால் சம்பந்தியம்மா மாதிரி ஒரு உறவு என்று நீதான் விளக்கினாய். முட்டிவலி இல்லாத சம்பந்தி.

அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் அவள் பாஷைக்காரர்கள்தான். ஆனால் எல்லோரும் ஒன்று என்று அவளிடம் சொல்லிப் பார், கரண்டியோடு வருவாள். பின்வீடு மெக்சிகோவிலிருந்து நேற்று வந்தது, எதிர்வீடு சல்வடோர், மூலைவீடு போர்ட்டோ ரிக்கோ என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். அவள் மட்டும் எங்கிருந்தும் வரவில்லை. பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து அதே மண்ணில்தான் இருக்கிறார்கள், சர்க்கார்தான் அவர்கள் தலைக்குமேல் மாறி மாறிப் போயிருக்கிறது. அப்படி இருந்தும் கடையில் ஒருவன் "நீங்கள் எந்த தேசம்?" என்று கேட்டானாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வந்த கோபம் எனக்கு நன்றாகப் பழக்கப்பட்ட கோபம். "நீங்க ஆந்திராவுங்களா?" என்று என்னைக் கேட்ட பாங்க் மேனேஜரை நான் மறந்துவிட்டேன் என்றா நினைத்தாய்? அவன் மாற்றலாகிப் போகும்வரைக்கும் அந்தப் படி ஏறவில்லை. இன்னொன்று: ஒர்த்தம்மாவின் மருமகள் மெக்சிகோவில் மான்டெர்ரே என்கிற ஊர்க்காரி. மாமியார் பேசுகிற ஸ்பானிஷைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளாம். அவள் எப்படிச் சிரிப்பாள் என்று ஒர்த்தம்மா செய்து காட்டினாள். இதைப் படிக்காதே: நானும் பதிலுக்கு, "இது தெலுங்கே இல்லை அவ்வா, தமிழுக்குத் தெலுங்குப் புடவை கட்டிவிட்டது மாதிரி இருக்கிறது" என்று பிரத்யுஷா சிரிக்கிறதைச் செய்து காட்டினேன். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மருமகளைப் பற்றிப் பேச எந்த பாஷையும் தேவையில்லை. இனிமேல் படிக்கலாம்.

அன்றைக்கு ஒர்த்தம்மா கல்லுரலைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்திருந்தாள். துவையல் பாதி அரைத்திருக்கும்போது கதவு தட்டுகிறது. கழுத்தில் அட்டை, தோளில் பை, ஒரு சின்னப் பெண். முதலில் இங்கிலீஷில் கேட்டாள். பிறகு என் பின்னலையும் நிறத்தையும், கையில் ஒட்டியிருந்த மல்லித்தழையையும் பார்த்துவிட்டு ஸ்பானிஷில் கேட்டாள். நீ தபாலில் அனுப்ப வேண்டிய ஜனத்தொகைக் கணக்குத் தாளை அனுப்பாமல் டெலிவிஷன் மேலேயே வைத்திருந்ததால்தான் அந்தப் பெண் வெயிலில் வந்தாள், அதை நீ யாரிடமும் சொல்வதில்லை. ஒர்த்தம்மா எனக்காகப் பதில் சொன்னாள். எத்தனை பேர் என்பதற்கு உனக்கு ஒன்று, பிரத்யுஷாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று விரல் காட்டினாள். வீட்டுக்காரன் பெயர் என்ன என்று கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் ஒர்த்தம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன்? பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்துக் கனைத்தேன். ஒர்த்தம்மா என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று "கார்சா!" என்றாள். அது அவள் வீட்டுப் பெயர். எனக்கு அது தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரி பெயர் சொல்லிவிட்டாள், ஊர் உலக வழக்கம்தான், அந்த ஊரில் எல்லாப் பெயரையும் கடித்துக் கடித்துச் சொல்கிறார்களே, நம் பெயரைக் கடித்தால் மிச்சம் இவ்வளவுதான் வரும் போலிருக்கிறது என்று நினைத்துத் தலையாட்டினேன். அந்தப் பெண்ணுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது?

பிறகு ஒரு சனிக்கிழமை போன் வந்தது. எழுதினது சரிதானா என்று பார்க்கிற ஆபீசராம். "மிஸ்டர் கார்சா இருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறான். நீ ராங் நம்பர் என்று வைத்தாய். மறுபடி அடித்தான். கொஞ்ச நேரத்தில் நீ சிவந்த முகத்தோடு சமையல்கட்டுக்கு வந்து நின்றாய்.

"அவ்வா, அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணுமே சொல்லலியே கண்ணு."

"நம்ம ஊட்ட கார்சா ஊடுன்னு எழுதிட்டுப் போயிருக்கறாங்க! ஊட்ல பேசற பாஷை ஸ்பானிஷாம்!"

"நல்ல பேர்தானே. ஒர்த்தம்மா நல்ல குடும்பம்."

நீ தலையில் அடித்துக்கொண்டு மறுபடி போனுக்கு ஓடினாய். இங்கிலீஷில் மளமளவென்று பேசினாய். பிறகு பெரிய காரியம் முடித்தவன் மாதிரி வந்து சொன்னாய்: "எல்லாம் சரி பண்ணிட்டேன் அவ்வா. நீங்க வெறும் விசிட்டர்தான்னு சொல்லி, உங்களை எடுத்துடச் சொல்லிட்டேன்."

எடுத்துவிடச் சொன்னாய். அடைக்கல்லில் அடை கருகினது நான் பார்க்காமல் இல்லை கண்ணு, பார்த்துக்கொண்டேதான் நின்றேன். உன்னைப் பெற்றவள் போகும்போது உனக்கு நடை வரவில்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் இந்தச் சந்தில் முதலில் நின்றாய். கக்குவான் வந்தபோது உன்னை மார்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினேன். ஒரு வார்த்தை புரியாத ஒர்த்தம்மா என்னைக் கேட்காமலே தன் வீட்டில் சேர்த்துக்கொண்டாள். நீ போன் பண்ணி என்னை எடுத்துவிடச் சொன்னாய். சட்டம் அப்படித்தான், வந்து போகிறவர்களைச் சேர்க்கக் கூடாது என்றாய். சட்டம் எனக்கும் தெரியும். அதை என்னிடம் சொல்லும்போது கொஞ்சம் வருத்தப்பட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருக்கலாம். நீ அடையைத் தின்றுகொண்டே சொன்னாய்.

இப்போது இங்கே நடந்ததையும் கேள். மாசியில் நம் ஊரிலும் கணக்கெடுக்க வந்தார்கள். கார்ப்பரேஷன் பள்ளிக்கூட வாத்தியார் வெங்கடபதி வந்தார். வீட்டுத் தலைவர் பெயரைக் கேட்டார், நான் கனைத்தேன், ரம்ஜான் பீவி சொன்னாள், ஒரு சிக்கலும் இல்லை.

"ஊட்ல எத்தன பேருங்கம்மா?"

"அஞ்சு பேருங்க."

"மூணு பேர்தானுங்களே தெரியறீங்க?"

"பேரனும் அவன் சம்சாரமும் டெக்சாஸ்ல இருக்கறாங்க. எழுதிக்குங்க."

"அவங்களச் சேக்க முடியாதுங்கம்மா. இந்த ஊட்ல குடியிருந்தாத்தானுங்க கணக்கு."

"மாடி ரூம்புல அவன் சட்டை தொங்குதுங்க. வந்து பாருங்க."

"சட்டைக்கெல்லாங் கணக்கில்லீங்கம்மா."

பார்த்தாயா? அங்கே நான் வந்துபோகிறவள், இங்கே நீ போய்விட்டவன். எந்தச் சர்க்கார் கணக்கிலும் நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரம்ஜான் பீவி, "அழுவாதீங்க அம்மணி" என்றாள். நான் அழவில்லை. அவளுக்கு எப்போதும் என்னை அழ வைத்துப் பார்க்க வேண்டும். வாத்தியார் அவசரமாக அடுத்ததுக்குப் போனார்.

"தாய்மொழிங்க?"

"தெலுங்கு."

"வேற தெரிஞ்ச பாஷை?"

"தமிழு. அப்பறம் ஸ்பானிஷு."

பேனாவை மூடி வைத்துவிட்டார். "ஏனுங்கம்மா, சர்க்கார் காரியத்துல வெளையாடறீங்களே."

நான் நாற்காலியைக் காட்டி, "சியென்டதே" என்றேன். உட்கார்ந்துவிட்டார். "அகுவா" என்று சொல்லித் தண்ணீரைக் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். "இப்பத் தெரிஞ்சுதுங்களா? நான் பேசறது பாஷையில்லீன்னா நீங்க எப்படி உக்காந்தீங்க?" என்று கேட்டேன். பாவம், எழுதிக்கொண்டார். ரம்ஜான் பீவி அந்தப் பக்கத்திலிருந்து, "சார், எனக்கும் அதையே போட்டுருங்க, ரெண்டு வார்த்தை எனக்கும் வரும்" என்று கத்தினாள். ஆகவே, பேரா, டெக்சாஸ் கணக்கில் ஒருத்தியைக் குறைத்துவிட்டோம் என்று சிரிக்காதே. கோயமுத்தூர்க் கணக்கில் இரண்டு பேர் கூடியிருக்கிறோம். இங்கேயும் பெருகிக்கொண்டுதான் இருக்கிறோம்.

முடிவாக எழுதுகிறேன். நான் வரவில்லை. நீ அனுப்பின அழைப்புப் பத்திரங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், சாவி என் இடுப்பில் இருக்கிறது, உன் தாத்தா கேட்டாலும் கொடுக்கப் போவதில்லை. விசிட்டர் வந்தா பிள்ளைப்பேறு பார்ப்பாள்? விசிட்டருக்குக் காப்பி கொடுத்து, வெற்றிலை பாக்கு வைத்து, வாசல்வரைக்கும் வந்து வழியனுப்புவார்கள். ஒருவேளை நான் அந்த ஊருக்கு வந்தாலும் ஒர்த்தம்மா வீட்டில்தான் இறங்குவேன். அங்கே எனக்குக் கணக்கு இருக்கிறது. உன் வீட்டுக்கு முன்கூட்டியே போன் பண்ணிவிட்டு, காலிங்பெல் அடித்து, நீ திறந்தால் வருவேன், திறக்காவிட்டால் போவேன். பிரத்யுஷாவைப் பப்பாளி பக்கம் போகாமல் பார்த்துக்கொள். கனமானது எதையும் தூக்க விடாதே. கால் வீங்கினால் தலையணை வைத்து உயர்த்திப் படுக்கச் சொல். இடுப்பு வலிக்கு விளக்கெண்ணெயைச் சூடு பண்ணித் தடவ வேண்டும், அது உனக்கு வராது, ஒர்த்தம்மாவைக் கூப்பிடு. பிரத்யுஷா சிரித்தாலும் பரவாயில்லை, சிரிக்கிற பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆகும்.

நம் குலதெய்வம் உங்கள் வாசலில் நின்று காக்கட்டும், வம்சம் தழைக்கட்டும், பிறக்கிறது ஆணோ பெண்ணோ அதற்கு நான் வாய்விட்டுக் கூப்பிடக்கூடிய ஒரு பேரை வையுங்கள். இப்படிக்கு, உன் கணக்கில் இல்லாத,

அவ்வா லட்சுமியம்மாள்.

பின்குறிப்பு: இந்தக் கடிதம் ஒட்டாமலே அலமாரியில் கிடந்தது. நசுருதீன் தங்கைக்குச் சம்பந்தம் பேச வெள்ளகோவில் போய்விட்டான், கவரில் பெயர் எழுத ஆள் இல்லை. அதற்குள் நாங்கள் மெட்ராஸ் போய் அமெரிக்கா ஆபீசில் விசா வாங்கி வந்துவிட்டோம். பீரோ சாவியை உன் தாத்தா திருடினார் என்று எழுதலாமா என்று பார்த்தேன். நான்தான் கொடுத்தேன். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரி, பக்கத்தில் தமிழில் சொல்ல ஒருவர். என்னை முதலில் கூப்பிட்டார்கள். "யாரைப் பார்க்கப் போறீங்க? பேர் சொல்லுங்கம்மா" என்றார். "பத்திரத்துல இருக்குதுங்களே" என்றேன். "உங்க வாயால சொல்லணும்" என்றார். சுவரைப் பார்த்துக் கனைத்தேன். சுவர் இருந்தது, ரம்ஜான் பீவி இல்லை. போன தடவை நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் நீ கார்சா ஆனாய். இந்தத் தடவையும் மூடிக்கொண்டிருந்தால் உன்னை யாராக எழுதிவிடுவார்களோ, பிறக்கிற குழந்தையை யார் வீட்டுப் பிள்ளையாக்கிவிடுவார்களோ என்று பயம் வந்துவிட்டது. மாமியாரை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி, "சுந்தரராஜுலு" என்று சொல்லிவிட்டேன். சொன்னதுதான் சொன்னேன், இங்கே எழுதியும்விட்டேன், கவரிலும் நானே எழுதப் போகிறேன், போ. பின்னால் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த உன் தாத்தா தூக்கிவாரிப்போட்டு எழுந்து, "ஏமி? ஏமி?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடிக்கே வந்து நின்றார். வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் முத்திரை குத்திவிட்டாள். ஐப்பசியில் வருகிறோம். பிரத்யுஷாவிடம் விளக்கெண்ணெய் நானே கொண்டு வருவதாகச் சொல். ஒர்த்தம்மாவிடம் கல்லுரலைக் கழுவி வைக்கச் சொல். யார் கதவைத் தட்டினாலும் நான்தான் திறப்பேன். உன் தாத்தாவின் ஆயுசு ஒன்றும் குறையவில்லை. காதுதான் கெட்டுவிட்டது. மெட்ராஸிலிருந்து திரும்பினதிலிருந்து "ஏனுங்க" என்று எத்தனை தரம் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்பதே இல்லை.